நான்காவது வளையம்

அக்டோபர் 16

தம்பிக்கு,

கணக்கு டீச்சராக இருந்த முப்பத்திரண்டு வருஷத்தில் என்னைத் திணற வைத்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "டீச்சர், விடை சரியா இருக்கு, ஆனா வழி எழுதலைன்னா மார்க் உண்டா?" வகுப்பே சிரித்தது. "பாதி மார்க். மீதிப் பாதி நீ எப்படி அங்க போய்ச் சேர்ந்தேங்கிறதுக்கு" என்றேன். "அதான் போய்ச் சேர்ந்துட்டேனே டீச்சர், எப்படிப் போனா என்ன?" என்றாள். அதற்கு இன்றுவரை எனக்கு ஒரு நல்ல பதில் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டுக்கொண்டிருக்கிறது.

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். சீசனின் கடைசிப் போட்டி. ஏரியில் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நீச்சல், பிறகு நூற்று எண்பது கிலோமீட்டர் சைக்கிள், அதற்குப் பிறகும் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டம். அறுபத்தொரு வயதில், பதினேழு மணி நேரக் கெடுவுக்குப் பதினாறரைக்குள் முடித்து, உன் வயதுப் பிரிவில் மூன்றாம் இடம். முடிவுக்கோட்டில் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுதது உனக்கும் தெரியும்.

இப்போது என் சங்கடத்தைக் கேள். ஓட்டம் என்பது ஏரிக்கரைச் சாலையில் போய்த் திரும்பி வரும் நான்கு சுற்று. தூரத்துத் திருப்பத்தில் நானும் ஒரு நர்ஸும் நின்றோம். திரும்புகிறவர் கையில் சுற்றுக்கு ஒன்றாகப் பச்சை ரப்பர் வளையம் மாட்டுவது எங்கள் வேலை. நான்கு வளையத்தோடு வந்தால்தான் முடிவுக்கோட்டுக்குள் விடுவார்கள். காலில் கட்டிய சிப்பை உணரும் விரிப்பு ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும்தான். நடுவில் நடந்ததற்கு வளையம்தான் சாட்சி.

யாரும் சொல்லாமலே நான் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டேன். பழக்கதோஷம். தொண்ணூற்றாறு பேரின் எண்களையும் வரிசையாக எழுதி, மாட்டிய ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு டிக். முடித்தவர்கள் தொண்ணூற்றொரு பேர். தொண்ணூறு பேருக்கு நான்கு டிக் இருக்கிறது. உனக்கு மூன்று.

போனிலேயே கேட்டிருப்பேன். திங்கட்கிழமை கூப்பிட்டு, "உன் வாட்ச்ல பதிவாகியிருக்குமே, அத அனுப்பேன்" என்றதும், "லிஃப்ட்டுக்குள்ள இருக்கேன், சிக்னல் இல்ல" என்று வைத்துவிட்டாய். அன்றைக்கு நீ லிஃப்ட் ரிப்பேர் வேலைக்கே போகவில்லை, லீவு என்று உன் வீட்டுக்காரி சொன்னாள்.

எங்கே, எந்த வேகத்தில் போனாய் என்று அந்த வாட்ச் நொடி நொடியாகச் சொல்லும் என்று நீதானே வாங்கிய அன்று பெருமையடித்தாய்? அந்தப் பதிவை ஒருமுறை காட்டிவிடு. என் நோட்டை நானே கிழித்துப் போடுகிறேன்.

அக்கா


அக்டோபர் 20

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. படிக்கும்போதே என்னையறியாமல் கைகட்டி நின்றேன். பழக்கதோஷம் எனக்கும் உண்டு.

லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் உள்ளே இருப்பவர்கள் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? கடைசியாகப் பட்டனை அமுக்கியவனை முறைப்பார்கள். முப்பத்தைந்து வருஷமாக மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பார்க்கிறவன் நான். பட்டனை அமுக்கியவனால் நின்ற லிஃப்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏழாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தேன், நினைவிருக்கிறதா? அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்தாள். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். நீ மட்டும் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் பக்கத்துல யாருடா உக்காந்திருந்தா?" என்று கேட்டாய். உனக்கு அப்போது பதினெட்டு வயதுகூட முடியவில்லை. அதற்குள் டீச்சர்.

என் கையில் நான்கு வளையம் இருந்தது. நான்கையும் மாட்டியவள் நீ. என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.

வாட்சை யாருக்கும் காட்டுவதாக இல்லை. அது என் சொந்த விஷயம்.

தம்பி


அக்டோபர் 24

தம்பிக்கு,

ஒரு உதாரணம் சொல்கிறேன். வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளையிடம் "நோட்டைக் காட்டு" என்றால் காட்டும். எழுதாத பிள்ளைதான் முதலில் கோபப்படும், பிறகு பழைய கதை பேசும். உன் கடிதத்தில் ஏழாம் வகுப்பு வந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டேன்.

நான் கண்ணால் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். அன்று சாயங்காலத்துக்குப் பிறகு எங்கள் திருப்பத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பிழிந்து போட்ட துணி மாதிரி வந்தார்கள். ஒரு பெரியவர் நர்ஸின் தோளைப் பிடித்துக்கொண்டு, "நான் யாரும்மா?" என்றே கேட்டார். நீ மட்டும் எப்போது வந்தாலும் ஓடி வந்தாய். முதுகு நிமிர்ந்து, முகத்தில் சிரிப்போடு, இப்போதுதான் வீட்டிலிருந்து கிளம்பியவன் மாதிரி. நர்ஸ்கூட, "உங்க தம்பி சாப்பிடறது என்னன்னு கேட்டுச் சொல்லுங்கம்மா" என்றாள். அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நான் பார்த்த வேகத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு நிமிஷம். நாற்பத்திரண்டு கிலோமீட்டருக்கு ஐந்து மணி நேரம்கூட ஆகக் கூடாது. நீ எடுத்துக்கொண்டது ஏழு மணி இருபது நிமிஷம். மிச்சம் இரண்டரை மணி நேரம் நீ எங்கே இருந்தாய்?

இன்னொன்று. வியர்வையில் அந்த வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நானே இரண்டு மூன்று தடவை சேர்ந்து வந்ததைப் பிரித்திருக்கிறேன். அவசரத்தில் உன் கைக்கு ஒரே சமயத்தில் இரண்டு போயிருக்கலாம். அது உன் தப்பு இல்லை. ஆனால், ஒன்று கூடுதலாக இருப்பதைப் பார்த்த பிறகு, அடுத்த சுற்றில் பாதி வழியில் இருக்கும் பாலத்தடியில் உட்கார்ந்து எழுந்து அப்படியே திரும்பிவிட வேண்டும் என்று ஒரு மனுஷனுக்குத் தோன்றினால்? களைப்பு யாரை என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. நல்ல பிள்ளைகளும் பார்த்து எழுதியதை நான் பிடித்திருக்கிறேன். நல்ல பிள்ளைகள்தான் பிடிபடும்போது ரொம்ப அழுவார்கள்.

வாட்சை உன் டூல் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறாயாமே? "குளிக்கும்போதுகூடக் கழட்டாத மனுஷன்க்கா. இப்ப ஸ்க்ரூடிரைவரோட சேத்துப் பூட்டி, சாவியைப் பாக்கெட்ல வெச்சிருக்காரு" என்கிறாள் உன் வீட்டுக்காரி. அவளும் கவலையில்தான் இருக்கிறாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொல்.

அக்கா


நவம்பர் 1

அக்காவுக்கு,

"நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று நீ எழுதிய கடிதமும், போட்டிக் குழுவின் கடிதமும் ஒரே நாளில் வந்தன. தபால்காரர் இரண்டையும் சேர்த்தே கொடுத்தார்.

குழு கேட்பது இது. நான் நான்கு சுற்றையும் முடித்ததற்கு ஆதாரம் வேண்டும். நவம்பர் இருபதுக்குள் தராவிட்டால் என் முடிவு ரத்து, இரண்டு வருஷத் தடை. இரண்டு வருஷம் கழித்து எனக்கு அறுபத்து மூன்று. அப்போது யார் வந்து என்னை ஏரியில் இறக்கிவிடுவார்கள்?

புகார் கொடுத்தவர் நாலாவதாக வந்த பல் டாக்டர். எனக்கு ஆறு நிமிஷம் பின்னால் முடித்தவர். எதிரும் புதிருமாகப் போய்வரும் சாலை அல்லவா, நாங்கள் ஒருவரையொருவர் பலமுறை கடந்தோம். "நான் பார்த்தபோதெல்லாம் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார், எனக்கு முன்னால் எப்படி முடித்தார்?" என்று எழுதியிருக்கிறார். அவர் கேட்கட்டும். பல்லைப் பிடுங்குகிறவர், இடத்தைப் பிடுங்கப் பார்க்கிறார். அது அவர் தொழில்.

ஆனால் குழுவின் கடிதத்தில் இரண்டாவது பத்தி இருக்கிறது. "திருப்பத்தில் இருந்த தொண்டரின் நோட்டிலும் உங்கள் எண்ணுக்கு எதிரே ஐயம் குறிக்கப்பட்டுள்ளது." உன் நோட்டு உன்னிடம் அல்லவா இருக்கிறது? கிழித்துப் போடுவேன் என்று எழுதினாயே, அந்த நோட்டு?

காலையில் நீந்தப் போகிற கூட்டத்தில் எனக்கென்று ஓரத்துத் தடத்தை விட்டுவைப்பார்கள். நேற்று விடவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. "இன்னைக்குத் தண்ணி ஜில்லுன்னு இருக்கு" என்று மட்டும் ஒருவர் சொன்னார்.

யார் சொன்னது அக்கா?

தம்பி


நவம்பர் 4

தம்பிக்கு,

நான்தான்.

முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினேன், பிறகு அந்தத் தாளை மாற்றிவிட்டேன்.

அன்று ராத்திரி நீ முடித்துவிட்டாய் என்று வாக்கி டாக்கியில் செய்தி வந்தது. நர்ஸ் கைதட்டினாள். நான் நோட்டில் உன் எண்ணைத் தேடினேன். மூன்று டிக். பக்கத்தில் "3?" என்று எழுதினேன். போகிற வழியில் நோட்டைக் குழுவின் மேசையில் ஒப்படைத்தேன். அதற்குப் பிறகுதான் உன்னைத் தேடி வந்து கட்டிப்பிடித்தேன்.

என்னிடம் இருப்பது அந்தப் பக்கத்தை போனில் எடுத்த படம் மட்டும்தான். கிழித்துப் போடுவேன் என்றது பொய். கிழிப்பதற்கு என்னிடம் எதுவுமே இல்லை.

வேறு எண்ணாக இருந்தால் என்ன செய்திருப்பேனோ அதைத்தான் செய்தேன் என்று அன்று நினைத்தேன். சொந்தத் தம்பி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அந்தப் பெருமையைச் சொல்லவே கூசுகிறது. ஆனாலும், தம்பி, கூசுவது வேறு, கணக்கு வேறு. நான் பார்த்தபோதெல்லாம் நீ ஓடினாய். பல் டாக்டர் பார்த்தபோதெல்லாம் நடந்தாய். ஒரே ஆளைப் பற்றி இரண்டு பேர் இப்படி நேர்மாறாகச் சொன்னால் நடுவர் என்ன நினைப்பார்? நானே என்ன நினைப்பது?

பூட்டைத் திற. வாட்சை எடுத்து மேசையில் வை. ஐந்து நிமிஷ வேலை. அதைச் செய்யாமல் நீ எங்கள் எல்லாரையும் ஏன் இப்படி அலைக்கழிக்கிறாய் என்றுதான் எனக்குப் புரியவில்லை. புரியாதவரை சந்தேகம் போகாது. என்னை எப்படி வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

திட்டவில்லை. நீ கட்டிப்பிடித்தபோது உன் கையில் பேனா இருந்தது. என் முதுகில் குத்தியது. இப்போதுதான் அதற்குக் காரணம் தெரிகிறது.

ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். இரண்டாவது முறை நான் வந்தபோது வலது ஷூவின் லேஸ் அவிழ்ந்திருந்தது. நீ அந்தத் தார் ரோட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து கட்டிவிட்டாய். "அறுபது தாண்டியாச்சு, இன்னும் ஒரு லேஸ் கட்டத் தெரியல, இதுல இவருக்கு ட்ரையத்லான் வேற" என்று திட்டிக்கொண்டே இரட்டை முடிச்சுப் போட்டாய். எழுந்து வளையத்தை மாட்டி முதுகில் ஒரு அடி வைத்தாய். நோட்டை அப்போது எங்கே வைத்தாய் என்று எனக்குத் தெரியாது. உன் கையில் இல்லை.

குழுவுக்குப் பதில் எழுதிவிட்டேன். இரண்டே வரி. "என்னிடம் வேறு ஆதாரம் இல்லை. திருப்பத்தில் நின்றவர் என் அக்கா. அவர் மூன்று என்றால் மூன்று, நான்கு என்றால் நான்கு."

இனி நீ பார்த்துக்கொள்.

தம்பி


நவம்பர் 14

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். லேஸ் கட்டியது நன்றாக நினைவிருந்தது. எத்தனையாவது முறை என்பதுதான் நினைவில் இல்லை. முதல் முறையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இந்த மனுஷன் சமாளிக்கப் பார்க்கிறானோ என்று, உன் கடிதத்தைப் படிக்கும்போதுகூட, ஓரமாக ஒரு நினைப்பு ஓடியது. மறைக்காமல் சொல்கிறேன்.

பிறகு வெளிச்சத்தை வைத்து வரிசைப்படுத்திப் பார்த்தேன். நீ ஒரு வாழைப்பழத்தை வாங்கிப் பாதியைத் திருப்பிக் கொடுத்தாய். அப்போது நல்ல வெயில். நர்ஸ் குடை பிடித்திருந்தாள். அது ஒன்று. லேஸ் கட்டியபோது நிமிர்ந்து உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாயும் சூரியன் கண்ணிலேயே அடித்தது. அப்படியானால் அது வேறு ஒரு முறை. உன் நெற்றி விளக்கு என் கண்ணைக் கூசவைத்து, "அணைடா அதை" என்றேன். அது இருட்டிய பிறகு. கடைசியாக, நர்ஸ் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்க, "இதுதான் கடைசி, இனிமே உங்களப் பாக்க மாட்டோம்" என்று அவளே உனக்கு டாட்டா காட்டினாள்.

வாழைப்பழம், லேஸ், விளக்கு, டாட்டா. நான்கு, தம்பி. நான்கு முறை வந்தாய்.

உடனே பஸ் பிடித்துக் குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். மாடியில் ஒற்றை அறை. மூலையில் மடித்து வைத்த கூடாரங்கள், சுவரோரம் காற்றுப் போன மிதவைகள். தலைமை நடுவர் என் நோட்டை எடுத்துக் கொடுத்தார். மொத்த டிக்கையும் கூட்டினேன். முந்நூற்று எழுபத்திரண்டு. பெட்டியில் வந்த வளையம் நானூறு. மிச்சம் திருப்பிக் கொடுத்தது இருபத்தேழு என்று ரசீதில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போனது முந்நூற்று எழுபத்து மூன்று. டிக்கைவிட ஒரு வளையம் அதிகம்!

"பாருங்க சார், நான் ஒரு டிக் போட மறந்திருக்கேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு ஒட்டிக்கிட்டுப் போயிருந்தாலும் இதே கணக்குத்தானே டீச்சர் வரும்?"

நான் உனக்கு எழுதிய அதே வாதம்.

லேஸ் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "போட்டி அன்னைக்கு மூணுன்னு எழுதினீங்க. இன்னைக்கு நாலுங்கிறீங்க. நடுவுல என்ன நடந்துச்சு?"

"யோசிச்சுப் பாத்தேன்."

"தம்பி எழுதினாரா?"

"எழுதினான்."

"எழுதினதுக்கு அப்புறம்தான் யோசிச்சீங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். முப்பத்திரண்டு வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எத்தனையோ பிள்ளைகளை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். நிஜத்தையே சொல்லும்போதும் குரல் நடுங்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நான் நான்கு என்கிறேன். யாரும் நம்பத் தயாராக இல்லை. முதலில் சந்தேகப்பட்டவள் நான் என்பதால், இப்போது என் வார்த்தைக்கு மதிப்பில்லை.

வாட்சை இனி நான் கேட்க மாட்டேன். அதில் என்ன இருந்தாலும் சரி. எனக்கு அது தேவையில்லை.

அக்கா


நவம்பர் 17

அக்காவுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். உள்ளே இருப்பது வாட்சின் பதிவு, காகிதத்தில் அச்சடித்தது. மொத்தம் ஆறு பக்கம். முதல் நாலு பக்கத்தைத் தள்ளிவிடு. அது நீச்சலும் சைக்கிளும். கடைசி இரண்டு பக்கத்தைப் பார்.

கோடு கீழே படுத்திருக்கிற இடமெல்லாம் நான் நடந்த இடம். ஏறக்குறைய முழுதும் படுத்துத்தான் இருக்கும். சைக்கிளில் நூற்று நாற்பதாவது கிலோமீட்டரிலேயே என் கால் இரண்டும் போய்விட்டது. இறங்கும்போது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஓட்டம் தொடங்கி நூறு அடிகூட ஓடவில்லை, கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. அங்கிருந்து நடைதான். பல் டாக்டர் பொய் சொல்லவில்லை. சைக்கிளில் அவரைவிட நாற்பது நிமிஷம் முந்தியிருந்தேன். அவர் மெதுவாக ஓடி ஓடி அதில் முப்பத்து நாலைத் தின்றுவிட்டார்.

இப்போது, நடுவில் கூர்மையாக மேலே ஏறி இறங்கும் நாலு முனைகளைப் பார். உன் திருப்பத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பம்ப் ஹவுஸ் இருந்ததல்லவா? ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் நின்றேன். முகத்தைத் துடைத்தேன். தொப்பியைச் சரி செய்தேன். இருபது எண்ணினேன். பிறகு ஓடி வந்தேன். நீ வளையம் மாட்டினாய். உன் கண்ணுக்கு மறையும்வரை ஓடினேன். மறைந்ததும் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது முறை அங்கேயே வாந்தி எடுத்தேன். உன் எதிரில் நானே குனிந்து லேஸ் கட்டியிருந்தால் எழுந்திருக்கவே மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய். கிளம்புவதற்கு முந்தின நாள், எல்லாரும் இருக்கும்போது, "ஓடப்போறானாம், நடந்துதான் வரப்போறான் பாரு" என்றாய். நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். என் பேத்தியும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான் விஷயம். திருடன் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, அக்கா சொன்ன மாதிரியே நடந்தான் என்று மட்டும் உனக்குத் தெரியக் கூடாது என்று இருந்தேன். எழுதிப் பார்க்கும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. பூட்டிவைக்கும்போது அப்படித் தெரியவில்லை.

நீ கேட்டுக்கொண்டிருந்தவரை கொடுக்கத் தோன்றவில்லை. வேண்டாம் என்று எழுதினாய், சாவியை எடுத்துவிட்டேன்.

குழுவுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பதை நீயே முடிவு செய். கொடுத்தால் பல் டாக்டரும் பார்ப்பார். பார்க்கட்டும்.

தம்பி


நவம்பர் 22

தம்பிக்கு,

பத்தொன்பதாம் தேதி காலையில் கூரியர் வந்தது. சாயங்காலம் ஆறு பக்கத்தையும் நடுவரின் மேசையில் வைத்தேன். பல் டாக்டரையும் அழைத்திருந்தார்கள். ஒல்லியாக, உன்னைப் போலவே வெயிலில் கறுத்துப்போன மனுஷர். நீ வரைந்து காட்டியதைப் போலப் பயங்கரமாக இல்லை.

அவர்தான் முதலில் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். விரலால் கோட்டைத் தொட்டுக்கொண்டே போனார். "நான்தான் சொன்னேனே, நடந்துதான் வந்திருக்காரு."

"ஓடி வந்தான்னு நான் சொன்னதும் நிஜம்தான்" என்று நாலு முனைகளையும் காட்டினேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். நீ கோபப்பட்டாலும் சரி, சொல்லிவிட்டேன்.

அவர் நாலு முனைகளையும் இன்னொரு முறை விரலால் தொட்டார். பிறகு, "எனக்கும் ஒரு அக்கா இருந்தாங்க" என்றார். காகிதத்தை மடித்து நடுவரிடம் கொடுத்துவிட்டு, புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்த சீசனில் உன்னைத் தண்ணீரிலேயே முந்தப் போகிறாராம், சொல்லச் சொன்னார்.

நாலு சுற்றும் செல்லும், மூன்றாம் இடமும் உனக்குத்தான் என்று நடுவர் குறித்துக்கொண்டார். தொண்டரின் நோட்டில் நேர்ந்த பிழை என்று அதிலேயே எழுதச் சொல்லி நான் நின்றேன். "எதுக்கு டீச்சர்?" என்றார். "எழுதுங்க" என்றேன். அந்தக் காகிதத்தின் நகலை நீ காலையில் நீந்தப் போகும் குளத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன். அடுத்த முறை எனக்கு வாழைப்பழ மேசைதானாம். நோட்டு வேறு யாருக்கோ.

பம்ப் ஹவுஸ் பற்றி நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. சிரித்துக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தையை நீ இருநூற்று இருபத்தாறு கிலோமீட்டர் சுமந்துகொண்டு வந்திருக்கிறாய். அந்த வார்த்தைக்கு என்னை மன்னித்துவிடு. அந்தக் கேள்விக்குறிக்கும்.

ஏன் அந்த ஒரு டிக் விட்டுப்போனது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மற்ற தொண்ணூற்றைந்து பேரும் எனக்கு எண்கள். எண்ணைப் படித்தேன், டிக் போட்டேன், ஆளைப் பார்க்கவில்லை. நீ வந்தபோது எண்ணைப் படிக்கவில்லை. லேஸ்தான் கண்ணில் பட்டது. எனக்கு வேண்டியவன் என்பதால்தான் நீ நோட்டில் விடுபட்டாய். அந்த நோட்டை வைத்துக்கொண்டுதான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

வேண்டியவர்கள் எனக்கு எப்போதுமே இப்படித்தான் விடுபடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள நேற்று ஒரு சோதனை செய்தேன். நீயும் செய்து பார், அதிக நேரம் ஆகாது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு, நேற்று உன்னிடம் பேசியவர்கள் எல்லாரையும், நினைவுக்கு வருகிற வரிசையில், நிறுத்தாமல் எழுது. எழுதி முடித்ததும், உன் வீட்டிலேயே இருக்கிறவர்கள் அதில் வருகிறார்களா, வந்தால் எத்தனையாவதாக என்று பார்.

அக்கா